பழைய கட்டடம்: புதுசாக்குவதா, பிழைக்க விடுவதா?

சுவர்க்கோழி எழுதியது:

கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். நூறு வயது தாண்டிய ஒரு பொது நூலகக் கட்டடத்தின் பராமரிப்புக் குழுவில் நானும் ஒருவன். பொறியியல் எல்லாம் படித்ததில்லை. சின்ன வயதில் அந்த மாடிப்படியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மர உத்தரம், ஓட்டுக் கூரை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் தரையை ஒட்டிய பகுதியில் காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டோம். அவர் மூன்றடி உயரத்துக்குப் பழையதை எல்லாம் கொத்தி எறிந்துவிட்டு சிமெண்டு பூசி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். நாங்களும் அதன் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். இரண்டு மழைக்காலம் தாங்கியது. இப்போது ஈரம் ஐந்தடி உயரத்தில், அதாவது சிமெண்டு முடிந்த இடத்துக்கும் மேலே, கோடு கிழித்த மாதிரி நிற்கிறது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது, விரலால் குத்தினால் உள்ளே வெள்ளை உப்பு. போன மாதம் ஒரு சிமெண்டுப் பாளம் தானாகக் கழன்று விழுந்தது. திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

குழுவில் இப்போது மூன்று கட்சி. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இடித்துப் புதுசாகக் கட்டலாம் என்பது ஒன்று. பிற்காலத்தில் ஒட்டவைத்த முன்தாழ்வாரத்தை எடுத்துவிட்டு, திறப்பு விழா அன்று எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்துவிடலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது கட்சிக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, மறுபடி பூசு, மறுபடி பெயிண்ட் அடி, அவ்வளவுதான். நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி எழுதியது:

சிமெண்டோடு செங்கல்லின் முகமும் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே போதும், நேரில் வந்து பார்த்த மாதிரி இருக்கிறது. இருபது வருடமாகப் பழைய சுவர்களோடுதான் என் பிழைப்பு. இந்தக் காட்சியைப் பார்க்காத வருடம் கிடையாது.

நடந்தது இதுதான். பழைய சுவருக்குக் கீழே ஈரத்தடுப்பு என்று ஒன்றும் இருக்காது. தரையிலிருந்து தண்ணீர் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஏறிய தண்ணீர் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். தண்ணீர் போகும்போது கொண்டுவந்த உப்பைப் பூச்சிலேயே விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு படிகமாகும்போது பூச்சைப் பொடியாக்கும். நீங்கள் ஐந்து வருடத்துக்கு முன்னால் பார்த்த உதிரல் அதுதான். பூச்சு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தீர்கள், அது உண்மையில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. செங்கல்லுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தது. உதிர்ந்த இடத்தில் மறுபடி சுண்ணாம்பே பூசியிருந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்குப் பேச்சே இல்லை.

சிமெண்டு பூசியதும் அந்த வாசல் அடைபட்டது. அதற்கு மேல் பெயிண்ட் வேறு. தண்ணீர் நின்றுவிடாது, வெளியேற இடம் கிடைக்கும் வரை மேலே ஏறும். அதனால்தான் உங்கள் கோடு சிமெண்டுக்கு மேலே நிற்கிறது. உப்பு இப்போது பூச்சுக்குள் இல்லை, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படிகமாகிறது. சிமெண்டு கெட்டி, பழைய செங்கல் மெத்து. இரண்டில் எது உடையும் என்று சொல்லவா வேண்டும்?

இப்போதைக்குச் சுவரைத் தொடாதீர்கள். அடுத்த மழை கொட்டும்போது குடையை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடங்கள். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் எங்கே விழுகிறது, கூரைக் கால்வாய் எங்கே வழிகிறது, இறங்கும் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் போன் கேமராவில் எடுங்கள். வெயிலில் பழைய கட்டடத்தைப் பார்த்து முடிவெடுப்பவனை நான் நம்பமாட்டேன். அப்புறம் சுவரைச் சுற்றி வெளியே சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்களா? வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நோய் பாதி அங்கேதான்.

எதிர்க்கட்சி எழுதியது:

பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்கிறேன், கோபப்பட வேண்டாம். இடித்துக் கட்டுவதில் அப்படி என்ன பாவம்? அந்த நூலகத்துக்குச் சக்கர நாற்காலியில் ஒருவர் வர முடியுமா? மாடியில் இருக்கும் புத்தகத்தை முழங்கால் வலிக்காரர் எப்படி எடுப்பார்? பழமை பழமை என்று உருகுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டடத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்கமாட்டார்கள், ஜன்னல் இறுகிப்போய்த் திறக்காது, கழிப்பறை வெளியே இருக்கும், கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைக்க வேண்டும். வருங்காலத் தலைமுறைக்காக என்கிறீர்கள், சரி, நிகழ்காலத் தலைமுறை என்ன செய்தது? நூறு வருடத்துக்கு முன்னால் கட்டியவர்கள் மட்டும் அதற்கு முன் அங்கே இருந்ததை இடிக்காமலா கட்டினார்கள்?

பழுப்புத்தாள் எழுதியது:

எதிர்க்கட்சி கேட்டதில் நியாயம் இருக்கிறது. எந்தக் கட்டடமும் பயன்பாட்டில் இருந்தால்தான் பிழைக்கும். ரோமிலுள்ள பாந்தியனை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியே இல்லாத கான்கிரீட் குவிமாடம், 43 மீட்டருக்கு மேல் விட்டம், கிட்டத்தட்ட 1900 வருடமாக நிற்கிறது. அதே ஊரில் அதே காலத்துக் கட்டடங்கள் எத்தனையோ கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டன. இது தப்பித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், 609இல் இது தேவாலயமாக மாறி யாரோ ஒருவர் தினமும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாரிசில் 1900இல் கட்டிய ஓர்சே ரயில் நிலையம் 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. ஆக, லிஃப்ட் வேண்டும், சாய்தளம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பழைய படிக்கட்டைப் பெயர்க்காமல் பின்பக்கம் தனிக் கூடாக லிஃப்ட் எழுப்பலாம், நாளை வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். அந்தக் "கழற்றிவிடலாம்" என்பதுதான் எனக்கு முக்கியம்.

முகப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் கட்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகத்தோலை மட்டும் உரித்து வைத்துக்கொண்டு ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது மாதிரி.

எனக்குப் பயம் தருவது உங்கள் இரண்டாவது கட்சிதான், திறப்பு விழா அன்று இருந்த மாதிரி என்பவர்கள். அவர்கள் பாசத்தோடு இடிப்பவர்கள். இந்தச் சண்டை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர், ஒரு கட்டடத்தை மீட்டெடுப்பது என்றால் அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கொண்டுவருவதாகக்கூட இருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். இங்கிலாந்தில் ரஸ்கின் என்ற கலை விமர்சகர் அதற்கு நேர் எதிர், மீட்டெடுப்பு என்பதே பொய் என்றார். 1877இல் வில்லியம் மாரிஸ் ஒரு சங்கமே ஆரம்பித்தார். தேவாலயச் சுவர்களைச் சுரண்டிச் சுரண்டிப் "பழைய நிலைக்கு" கொண்டுவந்துகொண்டிருந்தவர்களுக்கு எதிராக வந்ததால், அதற்குச் சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று செல்லப்பெயர். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. 1964இல் பழைய கட்டடப் பாதுகாப்புக்கென்று நிபுணர்கள் எழுதிய வெனிஸ் சாசனம் இதை எல்லாம் கடைந்து எடுத்து, ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நிற்க வேண்டும் என்றது. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தின் சேர்க்கைகளுக்கும் மதிப்பு உண்டு, ஒரே பாணிக்குக் கொண்டுவருவது குறிக்கோள் அல்ல என்றும் சொன்னது.

உங்கள் முன்தாழ்வாரம் எந்த வருடத்தில் வந்தது, ஏன் வந்தது? மழையில் நனைந்துகொண்டு நின்ற வாசகர்களுக்காக யாரோ கட்டியிருப்பார்கள். அதுவும் நூலகத்தின் வரலாறுதானே.

புள்ளிமேகம் எழுதியது:

இன்னொரு கோணம். லேசர் ஸ்கேன் செய்து முழுக் கட்டடத்தையும் முப்பரிமாணத்தில் வைத்துக்கொண்டால் போதாதா? இதை எதிர்த்து எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: பாரிசின் நோத்ர்தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டேலன் என்ற கலை வரலாற்றாசிரியர் தீ விபத்துக்குப் பல வருடம் முன்பே லேசரில் அளந்து வைத்திருந்தார், 2019 ஏப்ரல் 15இல் கூரை எரிந்து விழுந்த பிறகு அந்த அளவுகள் கைகொடுத்தன.

இறவாணம் எழுதியது:

@புள்ளிமேகம் கைகொடுத்தது உண்மை. ஆனால் அந்தக் கூரையைத் திரும்பக் கட்டியது யார்? பச்சை ஓக் மரத்தைக் கோடாரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்கள். அளவு இருந்து ஆள் இல்லாமல் போயிருந்தால் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். 2024 டிசம்பரில் அது மறுபடி திறந்ததற்குக் கணினிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு கோடாரிக்கும் உண்டு. (நான் தச்சன், ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன்.)

ஜப்பானில் ஈசே என்ற இடத்தில் ஒரு கோயில் இருக்கிறது. 20 வருடத்துக்கு ஒரு முறை பக்கத்து மனையில் அதே மாதிரி புதுசாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். 690இல் ஆரம்பித்த வழக்கம், உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறு வருடத்துக்கு மேல் அறுந்தும் போயிருக்கிறது, 2013இல் நடந்தது 62ஆவது தடவை. ஒரு குச்சிகூடப் பழையது இல்லை. ஆனால் 20 வருடம் என்பதால் ஒரு தச்சர் எடுபிடியாக ஒரு முறை, கைதேர்ந்தவராக ஒரு முறை, மேஸ்திரியாக ஒரு முறை என்று பார்த்துவிடலாம். அங்கே காப்பாற்றப்படுவது மரம் அல்ல, கை.

அதே நாட்டில் ஹோரியூஜி என்ற புத்தக் கோயிலில் உலகத்திலேயே பழைய மரக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே அணுகுமுறையே வேறு, கம்பம் அடியில் மட்கியிருந்தால் மட்கிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத்தைப் பொருத்து வெட்டி இணைப்பார்கள். உங்கள் உத்தரத்துக்கும் அதையே சொல்வேன். உத்தர முனை சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்த ஒன்றரை அடி மட்டும்தான் போயிருக்கிறது, மீதி 14 அடி தேக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், கழற்றிய பழைய தேக்கு எங்கே போகும் என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

தூக்குக்குண்டு எழுதியது:

நான் கட்டமைப்புப் பொறியாளன். இழையில் இதுவரை விரிசல் பற்றி யாரும் பேசவில்லை, ஆச்சரியம்தான். சுவர்க்கோழி, விரிசல் இருக்கிறதா? இருந்தால் உடனே அடைக்காதீர்கள். அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது, உடையாவிட்டால் அது எப்போதோ நடந்து முடிந்த கதை. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் அளவுகோல் பதித்த பிளாஸ்டிக் தகடுகள் கிடைக்கின்றன. குறைந்தது ஒரு வருடம், எல்லாப் பருவத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுவர் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் மூச்சு விடும்.

அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெனிசின் மணிக்கூண்டு. விரிசல் பெருகுவது தெரிந்தும் 1902 ஜூலை 14 அன்று முழுதாக உட்கார்ந்துவிட்டது. ஆள் யாரும் சாகவில்லை, காவலாளியின் பூனை மட்டும் போய்விட்டது என்பார்கள். பொறுமையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம். 1990இல் மூடி, பல வருடம் யோசித்து, கடைசியில் சாயாத பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைத் துளித்துளியாக எடுத்து, உச்சியைச் சுமார் 45 செ.மீ. பின்னால் கொண்டுவந்து, 2001 டிசம்பரில் திறந்தார்கள். நேராக்கவில்லை, விழாத அளவுக்குத் திருத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். என் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது.

என் தொழில் செய்த பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏதென்சின் பழைய கோயிலான பார்த்தினனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தபோது கற்களை இரும்புப் பற்றுகளால் இணைத்தார்கள். பழைய கிரேக்கக் கொத்தர்களும் இரும்புதான் போட்டார்கள், ஆனால் சுற்றிலும் ஈயம் ஊற்றி மூடினார்கள். புதியவர்கள் அதைச் செய்யவில்லை. துரு பிடித்தால் இரும்பு ஊதும், ஊதியது சலவைக்கல்லைப் பிளந்தது. இரண்டாயிரம் வருடம் தாங்கிய கல் சில பத்தாண்டுகளில் வெடித்தது. 1975இல் அதற்கென்று ஒரு குழு அமைத்து, அந்த இரும்பை எல்லாம் பிடுங்கி டைட்டானியம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த முதல் ஆட்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். 1931இல் ஏதென்சில் கூடிய நிபுணர்களே பழைய கட்டடங்களுக்கு வலுவூட்டிய கான்கிரீட் பயன்படுத்தலாம் என்றுதான் தீர்மானம் போட்டார்கள். அந்தக் காலத்தின் சிறந்த அறிவு அது. நம்முடைய சிறந்த அறிவும் நாளைக்கு இப்படித்தான் தெரியும் என்ற பயத்தோடு வேலை பார்த்தால் தப்பில்லை.

எதிர்க்கட்சி எழுதியது:

சரி, ஒரு முரண்பாட்டைக் காட்டுகிறேன். ஊகம் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்றீர்கள். எரிந்து விழுந்த நோத்ர்தாம் கோபுர ஊசி இடைக்காலத்தது இல்லை, அதே வியோலே-லெ-துக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தது. அவருடைய கற்பனையை அச்சு அசலாக இப்போது திரும்பக் கட்டியிருக்கிறீர்கள். போலந்தின் வார்சா பழைய நகரம் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி மறுபடி கட்டியது, அதை 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். போஸ்னியாவின் மோஸ்தார் பாலம் 1993இல் போரில் குண்டடிபட்டு ஆற்றில் விழுந்தது, 2004இல் புதுசாகக் கட்டினார்கள், அடுத்த வருடமே பட்டியல். அப்படியென்றால் நூலகத்தை இடித்து அதே மாதிரி கட்டினால் மட்டும் ஏன் கூடாது?

பழுப்புத்தாள் எழுதியது:

நல்ல அடி. நோத்ர்தாம் விஷயத்தில் எனக்கே முழு நிம்மதி கிடையாது, ஆனால் 160 வருடம் நின்ற கற்பனை அதுவும் வரலாறாகிவிடுகிறது, அதற்குத் துல்லியமான ஆவணமும் இருந்தது, ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. மோஸ்தாரையும் வார்சாவையும் இடித்தது கட்டியவர்கள் இல்லை. ஊரின் நினைவையே அழிக்க வேண்டும் என்று ஒருவன் இடித்ததை, அழியவிடமாட்டோம் என்று அந்த மக்கள் எழுப்பினார்கள். வார்சாவில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களைக்கூடப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். தானே இடித்துவிட்டுத் தானே நகல் எடுப்பதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அதோடு உங்கள் நூலகச் சுவரில் சில சாட்சிகள் இருக்கின்றன, செங்கல் எந்தச் சூளையில் வெந்தது, மணல் எந்த ஆற்றுடையது, எத்தனை கை பூசியது, எந்த வருடம் எந்த நிறம் அடித்தார்கள். நகலில் அது எதுவுமே இருக்காது. இதை இன்று படிக்க நமக்குக் கருவி இல்லாமல் இருக்கலாம், நாளைக்கு ஒருவருக்கு இருக்கும். அவர் படிக்க ஏதாவது மிச்சம் வைப்பதுதான் முழு வேலையுமே.

எதிர்க்கட்சி எழுதியது:

லிஃப்ட்டை ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா, அது போதும் எனக்கு. மிச்சத்துக்கு நாளைக்கு வருகிறேன்.

இறவாணம் எழுதியது:

ஒரு எச்சரிக்கை, மறந்துபோவதற்குள். பழுதுபார்க்கும் காலம்தான் பழைய கட்டடத்துக்கு ரொம்ப ஆபத்தான காலம். நோத்ர்தாம் எரிந்தது புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தபோது. கோபன்ஹேகனின் பழைய பங்குச்சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரலில் எரிந்ததும் சாரம் கட்டி வேலை நடந்தபோது. ஓட்டுக் கூரைக்குள் வெல்டிங், ஊதுவிளக்கு எதுவும் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தவிர்க்கவே முடியாது என்றால் மதியத்துக்கு முன்னால் முடித்துவிட்டு, முடிந்த பிறகும் ஒரு ஆள் குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே தண்ணீர் வாளியோடு உட்கார வேண்டும். புகையும் தூசி எப்போது பற்றும் என்று யாருக்கும் தெரியாது. பழைய ஒயரிங்கையும் பாருங்கள். எலி கடித்த ஒயர் பக்கத்தில் காய்ந்த மரம் இருக்கும்.

சுவர்க்கோழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மழையில் குடையோடு சுற்றினேன். ஊரே வேடிக்கை பார்த்தது, பரவாயில்லை. பின்பக்கக் கூரைக் கால்வாயில் ஒரு செடி முளைத்து முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது, தண்ணீர் முழுக்க அங்கே முட்டி நேராகச் சுவர் மேல் வழிகிறது. ஈரக் கோடு உயரமாக இருக்கும் இடம் சரியாக அதற்குக் கீழே! நான் அந்தச் சுவரை ஐந்து வருடமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்னொன்று, வெளியே போட்ட சிமெண்டு நடைபாதை சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதுவும் நாங்கள் போட்டதுதான்.

விரிசல் இரண்டு இருந்தது, இரண்டிலும் கண்ணாடி ஒட்டியாயிற்று. இதுவரை உடையவில்லை.

குழுவில் பேசி, மேஜை அகலத்துக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிமெண்டை எடுத்துப் பார்க்கலாம் என்று சம்மதம் வாங்கினேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, பொத்துப் பொத்து என்று கேட்ட இடமாகத் தேர்ந்தெடுத்தோம். சிமெண்டு மூன்றடியில் முடிகிறது, அதற்கு மேலே பழைய பூச்சு அப்படியே இருக்கிறது. அதன் வெட்டுமுகத்தைப் பார்த்தால் கேக் மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கிறது: வெள்ளை, மஞ்சள், மறுபடி வெள்ளை, ஒரு நீலம், அப்புறம் எங்கள் பெயிண்ட். நீலம் இருந்தது யாருக்குமே நினைவில்லை. பெயர்ந்த ஒரு செங்கல்லின் பக்கவாட்டில் நான்கு விரல் பதிந்திருக்கிறது. ஈரச் செங்கல்லை அச்சிலிருந்து எடுத்தவருடையது போல. என் விரலை வைத்துப் பார்த்தேன், என்னுடையதைவிடச் சின்னது.

இனி என்ன செய்யட்டும்? அந்தச் செடியைப் பிடுங்கிவிடலாமா?

கொத்துக்கரண்டி எழுதியது:

பிடுங்காதீர்கள்! வேர் ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் போயிருக்கும், பிடுங்கினால் இரண்டடிச் சுவர் கையோடு வரும். அடியோடு வெட்டிவிட்டு, வெட்டு முகத்தில் உடனே வேர்க்கொல்லியைத் தடவி விடுங்கள். காய்ந்து செத்த பிறகு தானாக வரும் அளவுக்கு மட்டும் எடுங்கள், மீதி உள்ளேயே இருக்கட்டும், அந்த ஓட்டையில் சுண்ணாம்புச் சாந்தை அடைத்துவிடுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். கால்வாய், குழாய். அப்புறம் சுவரை ஒட்டிய நடைபாதையில் ஒரு முழம் அகலத்துக்கு உடைத்துச் சரளை போடுங்கள், மண் மூச்சு விடட்டும். அப்புறம் தொய்ந்துபோன சிமெண்டை மட்டும் எடுங்கள். இரும்புபோல ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தை இப்போது சுரண்டினால் செங்கல்தான் போகும், அது தானாகத் தொய்யும் நாள் வரும். இயந்திரம் வேண்டாம், சின்ன உளியும் சுத்தியலும். மணல் பீச்சியடித்துச் சுத்தம் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். செங்கல்லின் கெட்டித் தோல் சூளை நெருப்பில் வந்தது, ஒரு தடவை போனால் போனதுதான். உங்கள் நான்கு விரலும் அதோடு போய்விடும்.

எடுத்த பிறகு பூசாதீர்கள். ஒரு வெயில் காலம் முழுக்கச் சும்மா விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். குழுவில் எல்லோரும் சுவர் அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். கேட்காதீர்கள்.

பூசும் கலவைக்குப் பழைய காரையையே கேளுங்கள். ஒரு கைப்பிடி பழைய காரையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணல் அடியில் நிற்கும். (மணலில் கிளிஞ்சல் இருந்தால் அதுவும் கரையும், கணக்குக் கொஞ்சம் தப்பும்.) அந்த மணலைக் கழுவிக் காயவைத்து, அதே பருமன், அதே நிறம் கிடைக்கும் வரை தேடுங்கள். செங்கல் பொடி தெரிந்தால் சுர்க்கி போட்டிருக்கிறார்கள், ஈரத்திலும் இறுகுவதற்காக. கடுக்காய், வெல்லம் என்று ஆளாளுக்கு ஒரு ரகசியம் சொல்வார்கள். சீனாவில் பசையரிசிக் கஞ்சி கலந்த சாந்தில் கோட்டையே கட்டியிருக்கிறார்கள், ஆக எல்லாவற்றையும் புரளி என்று தள்ளமாட்டேன். ஆனால் கெட்ட மணலை எந்தக் கடுக்காயும் காப்பாற்றாது.

மெல்லிசாக மூன்று கை பூச வேண்டும், ஒவ்வொரு கையும் இறுகக் காத்திருக்க வேண்டும், வெயில் படாமல் ஈரச் சாக்கு போட வேண்டும். சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரியில் சுடும்போது போன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டுதான் அது மறுபடி கல்லாகிறது. அவசரப்படுத்தினால் வெறும் பொடிதான் மிஞ்சும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள், பெயிண்ட் கூடவே கூடாது.

தூக்குக்குண்டு எழுதியது:

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தச் சுவர், எந்தத் தேதி, என்ன கலவை, யார் பூசினார்கள், படம். ஐந்து வருடத்துக்கு முந்தைய வேலைக்கு உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது? பில் தவிர?

சுவர்க்கோழி எழுதியது:

பில்லும் இல்லை. வரிசையாக நின்று எடுத்த படம்தான் இருக்கிறது.

நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் அந்த ஐந்து அடுக்கு நிறத்தை வரைந்து, நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அமிலத்தில் மிஞ்சிய மணலை ஒரு மருந்துப் பாட்டிலில் போட்டுத் தேதி ஒட்டி அலமாரியில் வைத்தாயிற்று, சிவப்பாக மூன்று நான்கு துணுக்கு தெரிகிறது, சுர்க்கியாகத்தான் இருக்க வேண்டும். விரல் பதிந்த செங்கல்லைக் காட்சிக்கு வைக்கலாம் என்று குழுத்தலைவர் சொன்னார். நான் அதைப் படம் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவையும் விரல் உள்பக்கமாகத்தான் இருக்கும், வெளியே தெரியாது.

முன்தாழ்வாரம் எந்த வருடம் என்று பழைய பதிவேட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் இங்கேயே போடுகிறேன். செடியை நேற்று வெட்டினோம்.